விரிசல் சாரும் பச்சைத் தண்ணியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தரைக்கு மேலே நடக்கும் எதுவுமே தெரியாத ஒரே மனிதர் எங்கள் விரிசல் சார்தான். தரைக்குக் கீழே என்றால் கேளுங்கள், முந்நூறு அடி ஆழத்தில் எந்தப் பாறை எந்தப் பக்கம் வெடித்திருக்கிறது என்று வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொல்லிவிடுவார். விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது ஊரே பட்டாசு வெடித்தது. மூன்று வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டு அருகே நின்றுகொண்டு, "எதுக்கும்மா போர்டை எல்லாம் மாத்துறாங்க, பெயின்ட் போயிடுச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

அவருக்கு ஒரு நிஜப்பெயர் உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. எங்களுக்கு அவர் விரிசல் சார்.

ஒரு உரக்கடையின் மாடியில் எங்கள் தற்காலிக ஆபீஸ் இருந்தது. கல்வராயன் மலையடிவாரத்துப் பாறைகளுக்குள் நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் திட்டம். கிணறுகளிலும் ஆழ்துளைப் போர்களிலும் அளந்து வந்த நீர்மட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதை வைத்து சார் "மாடல்" செய்வார் என்றார்கள். நானும் அட்டையில் மலை ஒட்டிப் பச்சை பெயின்ட் அடிப்பார் போலிருக்கிறது என்று பசை டப்பா ஒன்றைத் தயாராக எடுத்து வைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வடக்கனந்தல் பக்கத்துப் பாறை முழுவதையும் மனிதர் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டிக்கொண்டிருக்கிறார் என்று.

"மண்ணுல தண்ணி பஞ்சுல ஊறுற மாதிரி எல்லாப் பக்கமும் ஊறும்மா" என்று விளக்கினார். "பாறையில அப்படி இல்ல. விரிசல்தான் அதுக்கு ரோடு. ரோடு இல்லேன்னா பக்கத்து ஊருக்கும் பஸ் போகாது. ரோடு இருந்தா தூரத்து ஊருக்கும் சல்லுனு போயிடும்."

அவர் மாடல் ஓட ஆரம்பித்தால் ஆபீசில் மின்விசிறி ஓடாது. வோல்டேஜ் கம்மியாகி, போட்ட உழைப்பு போய்விடும் என்ற பயம். சித்திரை வெயிலில் நாங்கள் வேர்வையில் குளிப்போம், கம்ப்யூட்டருக்கு மட்டும் ஈரத்துணி போர்த்தாத குறை. கடைசியில் விடை அளந்து வந்த மட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதன் முதுகைத் தட்டி, "ஏன் அடம் பிடிக்கிற?" என்பார். காலையில் நாங்கள் அவருக்கு வணக்கம் சொல்வதையே விட்டுவிட்டோம். "ஒத்துக்கிச்சா சார்?" என்பதுதான் வணக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசோடு தியாகதுருகம் கோட்டை மலைக்குப் போனோம். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது சார் பாறை விளிம்பில் குப்புறப் படுத்து, திசைகாட்டியை வெடிப்பில் வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அரைமணி நேரம் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக அருகில் வந்து குனிந்தார். "பொதையல் எந்தப் பக்கம்னு எனக்கு மட்டும் சொல்லிடுங்க சார், ஆளுக்குப் பாதி." சார் தலையைத் தூக்காமலே, "வடகிழக்கே போகுது. ஆனா வெறும் தண்ணிதான்" என்றார். ஆட்டுக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம்.

இப்படிப்பட்ட சாரின் கையில் ஒரு ஊர்ச்சண்டை வந்து விழுந்தது.

வடக்கனந்தல் தாண்டி, அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் தெருவுக்கு ஒரே ஒரு போர். அந்தக் கோடையில் காலை ஏழு மணிக்கே அது காற்றை ஊத ஆரம்பித்தது. தண்ணீருக்கு நின்றால் வேலை போய்விடும், வேலைக்குப் போனால் வீட்டில் தண்ணீர் இல்லை. இரண்டு வயல் தள்ளி தணிகாசலம் என்பவரின் கரும்புக் கொல்லையில் பெரிய மோட்டார் ஓடியது. அவர்தான் உறிஞ்சுகிறார் என்று தெருவே முடிவு கட்டி, மோட்டாரைப் பிடுங்கக் கிளம்பியது. முன்னால் நின்று குரல் கொடுத்தவர் ஊர்ப் பெரிய மனிதர் கோதண்டம். அவருக்கும் தணிகாசலத்துக்கும் வரப்புத் தகராறு, பத்து வருஷப் பழசு.

பஞ்சாயத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். சார் பத்து நாள் அளந்தார், நான் ஏற்றினேன், மாடல் ஒத்துக்கொண்டது. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கூட்டத்தின் நடுவே நின்று சார் சொன்னார்: "தணிகாசலம் போருக்கும் தெரு போருக்கும் சம்பந்தமே இல்லை. நடுவுல முழுப்பாறை. தெருவோட தண்ணி, பின்னால இருக்கிற பாறைக் கரட்டுக்கு அடியில ஒரு விரிசல் வழியா அந்தப் பக்கம் போகுது. கரட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது கோதண்டம் ஐயாவோட போர்."

கோதண்டம் துண்டை உதறினார். "இன்னாங்க பேசுறீங்க? எம் போரு எங்க கீது, இந்தத் தெரு எங்க கீது! நடுவுல ஒரு கரடே குந்திக்கினு கீது!"

சாருக்குக் கோபமே வரவில்லை. தெரு போருக்குப் பக்கத்தில், முன்பு போட்டுக் கைவிட்ட போர் ஒன்று இருந்தது. அதில் கெடுதல் இல்லாத பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றப் போவதாகச் சொன்னார். சோதனை முடியும் வரையில் தெருவுக்கு லாரித் தண்ணீர். தெருவில் செல்லம்மா என்ற பெண் மட்டும் குறுக்கே வந்து நின்றார்.

"நாளைக்கி நாங்க குடிக்கிற தண்ணி சார் இது. கெடுதி இல்லேன்னு நீங்க சொன்னா ஆச்சா?"

சார் ஒரு சிட்டிகையை டம்ளரில் கலக்கிக் கடகடவென்று குடித்தார். நாக்கை நீட்டிக் காட்டினார். கிளி நிறம். செல்லம்மா சிரித்துவிட்டு வழி விட்டார்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உங்க கொல்லையில பச்சைத் தண்ணி வருங்க" என்று சார் கோதண்டத்திடம் சொன்னார்.

"எங் கொல்லைல தெனிக்கும் பச்சத்தண்ணிதான் வருது. வென்னியா வருது?"

ஊர் சிரித்தது. போதாததற்கு அவர் வீம்புக்கு மோட்டாரை முழுநேரமும் ஓட விட்டார். நான் பதறினேன். சார் மட்டும், "ஓட்டட்டும்மா. அவர் விடாம இழுத்தாத்தான் சாயம் சொன்ன நேரத்துக்கு வரும்" என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

வியாழன் பதினோரு மணி. கோதண்டத்தின் மோட்டார் தொட்டியைச் சுற்றி ஊரே நின்றது. குழாயிலிருந்து தண்ணீர் பளிங்கு மாதிரி விழுந்தது. பன்னிரண்டு ஆனது. கோதண்டம் எல்லோருக்கும் மோர் கொடுத்து, சாருக்கு மட்டும் இரண்டு டம்ளர் கொடுத்தார். "குடிங்க சார், வெள்ளையாத்தான் கீது." ஒரு மணிக்குப் பாதிக் கூட்டம் கலைந்தது. எங்கேயாவது ஒரு எண்ணை நான் மாற்றித் தட்டியிருந்தால்? தணிகாசலத்தின் கரும்பும் போச்சு, சாரின் மானமும் போச்சு.

"சார், தப்பு என்னோடதா இருக்கலாம்" என்றேன்.

"நீ தப்பா ஏத்துனா எனக்குத் தெரிஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார். "மோட்டார் நேத்தும் முந்தாநாளும் முழுசா ஓடுச்சுல்ல?"

செல்லம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "எங்க ஓடுச்சு? நேத்து மத்தியானம் பூரா கரண்டே இல்லியே சார். லைன் வேலைன்னு மொதல் நாளே சொல்லிக்கினு போனாங்களே! உங்களுக்குத் தெரியாதா?"

ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாருக்குத் தெரியவில்லை. அது தரைக்கு மேலே நடந்த விஷயமாயிற்றே! அவர் ஒரு நிமிடம் விரல் மடக்கினார், பிறகு முகம் மலர்ந்தது. "அப்போ மோட்டார் இழுக்காத அஞ்சு மணி நேரம் தள்ளிப் போகும். நாலு மணி. எல்லாரும் சாப்ட்டு வாங்க."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குழாய்த் தண்ணீரில் ஒரு மெல்லிய இளம்பச்சை தெரிந்தது. வெயில் பட்டு மின்னியது. நாலு மணிக்குத் தொட்டி முழுக்கப் பச்சை. நம்ப முடியாமல் குழாய்க்கு அடியில் கையை நீட்டிய கோதண்டத்தின் வெள்ளை வேட்டியும் பச்சை. தணிகாசலம் அப்படியே வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோதண்டம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். வீம்பெல்லாம் வடிந்த குரலில் கேட்டார்: "அப்போ இத்தினி நாளா நான் இறைச்சது அவங்க தண்ணியாங்க?"

"அவங்களுதும் இல்ல, உங்களுதும் இல்லைங்க. மலையில பெய்ஞ்சது. வர்ற வழி ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான்."

கோதண்டம் எழுந்து போய்த் தன் கையாலேயே மோட்டாரை நிறுத்தினார். "காலைல மொதல்ல தெரு புடிச்சிக்கட்டும். பத்து மணிக்கு மேல நான் போட்டுக்கறேன்" என்றார். இன்று வரை அந்த ஊரில் அதுதான் ஏற்பாடு. மறுநாள் தணிகாசலம் இரண்டு கட்டுக் கரும்போடு எங்கள் மாடி ஏறி வந்தார். சார் ஒரு கரும்பை வாங்கி, கணுவுக்குள் நீர் எப்படி ஏறுகிறது என்று அவருக்கே பாடம் எடுத்து அனுப்பினார்.

திட்டம் முடிந்து சார் வேறு மாவட்டத்துப் பாறைகளுக்குப் போய்விட்டார். போன மாதம் வடக்கனந்தல் சந்தையில் செல்லம்மாவைப் பார்த்தேன். தண்ணீர் வருகிறதா என்று நான் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அந்த சாரு வேளைக்கி சாப்புடறாராம்மா? அன்னிக்கி எல்லாரையும் சாப்ட அனுப்பிட்டு, அவரு தொட்டியாண்டயே குந்திக்கினு இருந்தாரே!"

அது எனக்கு அன்று தோன்றவே இல்லை. உடனே சாருக்குப் போன் போட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "இரும்மா, யோசிச்சு சொல்றேன்" என்றார்.

இப்போதெல்லாம் மதியம் ஒன்றரை மணி ஆனால் என் கை தானாகப் போனை எடுக்கிறது.