வாரம் ஓர் இதயம்

இனி இந்த ஜென்மத்தில் மாடிப்படி ஏறுவதில்லை என்று இதய டாக்டர் முடிவெடுத்துவிட்டார்.

ஏறினால் நெஞ்சு இறுகியது. நின்றால் விட்டது. அது என்னவென்று ஊருக்கெல்லாம் சொல்பவர், தனக்கு மட்டும் 'வாயு' என்று சொல்லிக்கொண்டார். சோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடுமே! மனைவி உடைந்துபோவாள் என்பது அவர் வாதம். உடையப்போவது தான்தானோ என்ற சந்தேகமும் உள்ளே அரித்தது.

வாராவாரம் இதய மருத்துவத்தில் வரும் புது ஆராய்ச்சிகளை எளிய தமிழில் சொல்லும் பாட்காஸ்ட் அவருடையது. பதிவு செய்வது மாடி அறையில். அங்கே எதிரொலிக்கிறது என்று புளுகி, கீழே துணி அலமாரிப் பக்கம் மாற்றினார். மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆராய்ச்சி முடிந்ததும் நேயர் கேள்விகள். பதில் சுடச்சுட வரவேண்டுமென்று, கேள்விகளை அவர் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. மனைவிதான் வாசிப்பாள்; பதிவை வெட்டி ஒட்டிச் சீராக்குவதும் அவள்தான்.

"டாக்டர், ஒரு அம்மா கேக்கறாங்க. வீட்டுக்காரருக்கு மாடியேறினா நெஞ்சைப் பிடிக்குதாம். வாயுன்னு சாதிக்கிறாராம்."

மைக்கைக் கண்டால் டாக்டருக்கு வீரம் வந்துவிடும்.

"வாயுவாவது, மண்ணாவது! உடனே சோதிக்கணும்."

"நல்லாப் படிச்சவராம்."

"படிச்சவன்தாம்மா மோசம். சாக்குப்போக்கைத் தயாராப் பையிலயே வெச்சிருப்பான்."

"ஒருவேளை பயமோ?"

டாக்டரின் குரல் தாழ்ந்தது. "பயம்தான். ரொம்பப் பயம். தனியா அனுப்பாதீங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

"வரமாட்டேன்னா?"

"அவரைக் கேக்கவே கேக்காதீங்க! நாளைக்குன்னு தள்ளாம, இன்னைக்கே வண்டியில ஏத்துங்க."

பதிவை நிறுத்திவிட்டு அவள் வண்டிச் சாவியை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"எங்க கிளம்பிட்டே?"

"உங்க சிநேகிதர் ஆஸ்பத்திரிக்கு. நேரம் வாங்கியாச்சு, எழுந்திருங்க."

"அப்போ அந்த அம்மா...?"

"எதிர்லதான் நிக்கிறா. எதிரொலியாம் எதிரொலி! படியேறி வந்து நீங்க மூச்சு வாங்கினதை வாராவாரம் பதிவுலேருந்து வெட்டினது யாரு? வெட்டி வெட்டி அழுதது யாரு?"

அவள் கையை நீட்டினாள். டாக்டர் பற்றிக்கொண்டார்.

இத்தனை வருட இல்லறத்தில், அவர் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் அவள் கேட்டது அன்றுதான்.