பால்பல் பாதுகாப்புப் பெருவிழா

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளின் பால்பற்களைச் சொத்தையிலிருந்து காப்பாற்றுவது என்று மேலிடத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பற்களை யாரும் கேட்கவில்லை.

பல்லில் பூசும் ஃபுளோரைட் மருந்து முப்பது வாய்களுக்கு வந்து சேர்ந்தது. முப்பது பிள்ளைகளையும் காலை ஏழரைக்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வாசலில், காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் நிறுத்துவதுபோல் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். மகள் கிருஷாந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தனுஷிகா அக்கா முதல் ஆளாக நின்றார். பிள்ளையின் முன்பல்லில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. இப்போதே பூசினால் பல் தப்பும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

“பூசுங்க சேர்.”

அதிகாரி இக்னேசியஸ் தொண்டையைச் செருமினார். “பிரதம விருந்தினர் மங்கள விளக்கேற்றிய பின்னரே வாய்கள் திறக்கப்படும்.”

பதினொரு மணியாகியும் விருந்தினரைக் காணோம். ஆனால் வாய்கள் திறந்துவிட்டன, அழுவதற்கு. அமைதியை நிலைநாட்ட டொபி வழங்கப்பட்டது. பிறகு சீனி போட்ட பிளேன்டீ. பிறகு கிரீம் பிஸ்கட். பன்னிரண்டுக்கு விருந்தினர் வந்தார், விளக்கேற்றினார், மருந்தைத் திறந்து வைத்தார், இனிப்பின் தீமை பற்றி முக்கால் மணிநேரம் பேசினார். பேசி முடித்துப் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தார்.

“இப்பவாச்சும் பூசலாமா சேர்?”

“வாயெல்லாம் கேக்கு. துலக்கின பல்லுக்குத்தான் பூச்சு. சுற்றறிக்கை.”

“பிரஷ்ஷு அந்தா பொட்டியில இருக்கே!”

“அது அன்பளிப்புப் பொதி. படம் எடுத்த பிறகுதான் பிரிக்கலாம். படம் எடுக்கிறவர் சாப்பிடப் போயிட்டார்.”

திறந்த மருந்து அன்றே முடிய வேண்டும். அறிக்கையில் முப்பது வாய் வர வேண்டும். ஆகவே இனிப்புப் படாத வாய்கள் தேடப்பட்டன. விருந்தினர், அதிகாரிகள், சாரதிகள் என்று இனிப்பையே தொடக்கூடாத சீனி வருத்தக்காரர் அனைவரும் குட்டி நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்து ‘ஆ’ காட்டினார்கள். இருபத்தெட்டு. தோட்டத் தலைவர் செல்லசாமி கட்டுப்பல்லைக் கழற்றிக் கையிலேயே கொடுத்தார். வாய் ஒன்று, பல்லு ஒன்று. முப்பது.

“எம் புள்ளைக்கு?”

“அடுத்த வருஷம் முதல் பேரு உங்களதுதான் தங்கச்சி.”

“அதுக்குள்ள பல்லு சொத்தையாகி விழுந்துட்டா?”

“பத்திரமா எடுத்து வைங்க. பூசித் தர்றோம்.”

மறுநாள் படம் பேஸ்புக்கில் வந்தது: ‘நூறு வீத வெற்றி!’ பெரியவர்கள் பளபளவென்று சிரித்தார்கள். பிள்ளைகள் கையில் பொதி, வாயில் டொபி. தோட்டமே லைக் போட்டது. தனுஷிகா அக்கா மட்டும் லைக் போடவில்லை. இதயம் போட்டார். படத்தில் தன் சேலை மடிப்பு அவ்வளவு நன்றாக விழுந்திருந்ததாம்.