இசக்கியின் இடது கண்

ஒரு காட்டில் ஒரு கோழி துப்பறியும் நாவல் எழுதிப் பேர் வாங்கிவிட்டது. கோழியாவது எழுதுவதாவது என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக் கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது என்று திட்டுகிறீர்களே, அந்தக் கிறுக்கலுக்கு அங்கே இலக்கியம் என்று பெயர்.

வீட்டில் வைத்த பெயர் குருணை. அட்டையில் அது எடுபடுமா? அதனால் வல்லூறு வசந்தி என்று போட்டுக்கொண்டாள். தவளை தண்ணீரில் குதித்தாலே பதறிப் பறக்கிற ஜென்மம். ஆனால் அவள் படைத்த கதாநாயகி இருக்கிறாளே, இரும்புநகம் இசக்கி, அவள் மெய்க்காப்பாளர். யாருக்கு ஆபத்தோ அவர்கள் வாசலில் போய்த் தனியாக நிற்பாள். ஏழாவது அத்தியாயத்தில் ஒரு நரிக்கூட்டத்தையே புரட்டி எடுத்துவிட்டு, இறகைக்கூட உதறாமல் நடந்து போவாள். காட்டுப் பெட்டைகள் அத்தனை பேரும் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

இசக்கி ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை. கோழிகள் குடியிருந்த மூங்கில் புதரின் வாசலில் சிலுப்பி என்று ஒருத்தி காவல் நிற்பாள். குருணையின் கூடப்பிறந்த தங்கை, ஒரே அடையில் பொரித்தவள். அந்த நடை, அந்த முறைப்பு, எகிறி விடுகிற உதை எல்லாம் அவளுடையவை. குருணை அப்படியே தூக்கி நாவலில் வைத்துக்கொண்டாள். அட்டைக்குப் பசை தடவிய நத்தைக்குக்கூட முன்னுரையில் நன்றி சொன்னவள், தங்கை பெயரை மட்டும் மறந்துவிட்டாள்.

சிலுப்பி அதைக் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு வேறு கவலை. பருந்தோடு போட்ட சண்டையில் இடது கண் போய்விட்டது. வெளியே தெரிந்தால் நரிகள் சும்மா விடுமா? அதனால் எப்போதும் இடப்பக்கத்தை வாசலோரத்துக் கறையான் புற்றில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு நிற்பாள். கண்ணில்லாத பக்கத்துக்குப் புற்றுதான் காவல். இந்த விஷயம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் காட்டில் பேட்டி என்றால் ‘நரிமுகம்’ சேனல்தான். நடத்துகிறவன் ஓரியப்பன் என்கிற நரி. காலையில் நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்களே, அதைச் சொன்னது நிச்சயமாகக் கோழி இல்லை. பேட்டிப் பாறைமேல் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது என்பது அங்கே ஊடக தர்மம். பாறையை விட்டு இறங்கினால் தர்மமும் கூடவே இறங்கிவிடும்.

முதல் பேட்டியில் ஓரியப்பன் விளக்கைப் போட்டு, மைக்கைக் குருணையின் கழுத்தடியில் செருகினான். செருகுகிற சாக்கில் கழுத்தைக் கொஞ்சம் அமுக்கிப் பார்த்த மாதிரியும் இருந்தது.

“மேடம், இவ்வளவு முரட்டு நாவல் எழுதுறீங்க. வீட்டுல முட்டையெல்லாம் யார் பாத்துக்கிறாங்க?”

“நான்தான் சார். அடைகாத்துக்கிட்டேதான் எழுதுவேன்.”

“இசக்கி நரிகளைப் போட்டு இந்த அடி அடிக்கிறது எங்க ஆளுங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கு மேடம்.”

“ஐயய்யோ, அவ நரிகளுக்கு எதிரியே கிடையாது சார். கெட்ட நரிங்களை மட்டும்தான் அடிப்பா. நல்லவங்கன்னா வணக்கம் சொல்லிட்டு ஒதுங்கிடுவா. ஆம்பளைங்கன்னா அவளுக்கு ரொம்ப மரியாதை. நல்லா சமைப்பா வேற.”

நாவலில் எங்கேயம்மா சமைத்தாள்? கேட்டால் இரண்டாம் பாகத்தில் வரும் என்பாள். பேட்டி காடெல்லாம் ஓடியது. போகிற வருகிற முயலெல்லாம் நின்று படம் எடுத்துக்கொண்டது. குருணை ஓடைக்கரையில் நின்று, கழுத்தை எந்தப் பக்கம் சாய்த்தால் அழகு என்று தண்ணீரில் பார்த்துப் பழக ஆரம்பித்தாள்.

இரண்டாவது பேட்டிக்குப் புறப்படும்போது சிலுப்பி வழியை மறித்தாள்.

“அக்கா, என் நடையைச் சொல்லு, உதையைச் சொல்லு, என்ன வேணா சொல்லிக்கோ. கண் விஷயம் மட்டும் வாயில வந்துடாம பாத்துக்கோ.”

“அடியே, அது இசக்கி. என் கற்பனை. உனக்கும் அவளுக்கும் என்னடி சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லேன்னா சந்தோஷம். உள்ள குஞ்சுங்க தூங்குது. அதுக்குத்தான் சொல்றேன்.”

பாறையில் ஓரியப்பன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். “ஒரு விமர்சனம் படிச்சேன் மேடம். இசக்கிக்குப் பலவீனமே இல்லையாம். அட்டைப் பொம்மை மாதிரி இருக்காளாம்.”

அந்த விமர்சனத்தை எழுதியது யார்? சாட்சாத் அவனேதான், வேறு பெயரில். குருணைக்குக் கொண்டை சிவந்துவிட்டது.

“யார் சார் சொன்னது? அவளுக்கு இடது கண் தெரியாது! அதனாலதான் இடப்பக்கம் எதையாவது ஒட்டியே நிப்பா. இதெல்லாம் படிக்கிறவங்களுக்குப் புரியணும்.”

“எதை ஒட்டி நிப்பாங்க மேடம்? நேயர்களுக்காகக் கேக்கிறேன்.”

“ஒரு பேச்சுக்கு, புத்துன்னு வெச்சுக்குங்களேன்.”

ஓரியப்பன் உருகிப் போனான். கண்ணில் நீர், வாயிலும் கொஞ்சம்.

சிலுப்பி வந்து சண்டை போடவில்லை. அதற்கு நேரமில்லை அவளுக்கு. புதருக்குள் போனாள். பெட்டைகள் கூட்டமாக உட்கார்ந்து அந்தப் பேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிலேர்ந்து புத்துக்கு அந்தப் பக்கம் யாராவது ஒருத்தி என்கூட நில்லுங்க.”

“இசக்கி தனியாத்தானே நிப்பா?” என்றது ஒரு வெள்ளைப் பெட்டை. “கூட ஆள் நின்னா அதுல என்னடி கெத்து?”

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நல்ல வாசகிகள், போங்கள். சிலுப்பி அக்காவிடம் வந்தாள்.

“நீயாவது வா. உதைக்கக்கூட வேணாம். அந்தப் பக்கமா நரி வந்தா ஒரு சத்தம் போடு, போதும்.”

குருணைக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஒரு காலைக்கூட எடுத்து வைத்தாள். அப்புறம் அந்தக் காலை இழுத்துக்கொண்டாள்.

“நாளைக்கு மறுபடியும் பேட்டி இருக்குடி. கத்தித் தொண்டை கட்டிக்கிட்டா என்ன பண்றது?”

அன்று பொழுது சாயும்போது நரி புற்றின்மேல் ஏறி வந்தது. “ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!” என்று சிலுப்பி போட்ட சத்தத்தில் பெட்டைகளும் குஞ்சுகளும் தத்தித் தாவிக் கிளைக்குப் போய்விட்டன. ஒரு குஞ்சுக்கும் சேதமில்லை. ஏறாமல் நின்றவள் சிலுப்பி மட்டும்தான். குருணை பக்கத்து மருத மரத்தில், தன் கிளையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். காதை மூடிக்கொள்ளக் கோழிக்கு வழியில்லை.

மறுநாள் காலை, குளித்து இறகு நீவிக்கொண்டு பேட்டிக்குப் போனாள். போகாமல் இருப்பாளா? பாறைக்குக் கீழே காடே திரண்டிருந்தது. விளக்கு எரிந்தது. ஓரியப்பனின் மீசையில் புள்ளி போட்ட சின்ன இறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கையோடு ஒரே இறக்கைக்கு அடியில் ஒட்டிப் படுத்து வளர்ந்தவள் குருணை. அந்தப் புள்ளி அவளுக்குத் தெரியாதா? கத்தியிருக்கலாம். அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள்.

“சார்,” என்றாள். “மீசையில ஏதோ ஒட்டியிருக்கு. கேமராவுல விழும்.”

ஓரியப்பன் நாக்கை நீட்டி அதை உள்ளே தள்ளிக்கொண்டான். “நன்றி மேடம். இசக்கி மாதிரி நிஜத்துல யாராவது இருக்காங்களா?”

“இல்ல சார். முழுக்க முழுக்கக் கற்பனை.”

நேற்றுவரை அது பொய். இன்று காட்டில் தேடினாலும் அப்படி ஒருத்தி இல்லை.

“கடைசிக் கேள்வி மேடம். நீங்க எந்த இடத்துல உட்கார்ந்து எழுதுறீங்க, எங்க தூங்குறீங்கன்னு தெரிஞ்சுக்க எங்க நேயர்களுக்கு ரொம்ப ஆசை.”

குருணைக்குப் புரிந்துவிட்டது. துப்பறியும் நாவல் எழுதுகிறவளுக்கு இதுகூடவா புரியாது? இறகெல்லாம் குத்திட்டு நின்றது. ஆனால் கீழே அத்தனை பேரும் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்களே! பதில் சொல்லாமல் எழுந்து போனால் திமிர் பிடித்தவள் என்று பேச மாட்டார்களா? கழுத்தை அழகான பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.

“ஓடைக்கரை மருத மரம் சார். தெற்கே பார்த்த கிளை. தாழ்வான கிளைதான், எனக்கு உயரம்னா கொஞ்சம் பயம். பொழுது சாய்ஞ்சா கண்ணும் சரியாத் தெரியாது, அதனால சீக்கிரமே தூங்கிடுவேன்.”

“எழுத்தாளர்னா இப்படித்தான் மனசு விட்டுப் பேசணும்,” என்று ஓரியப்பன் கைதட்டினான். காடே கைதட்டியது.

நீதி: பேட்டிக்குப் போகும்போது நல்ல படமாக ஒன்றைக் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள், அஞ்சலி நிகழ்ச்சிக்குப் படம் கிடைக்காமல் நரிகள் அலையக் கூடாது, பாவம்.