தேவபிரசாதம் சாரின் கடல் டியூப்

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேவபிரசாதம் சார் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கழுத்தில் காற்றில்லாத ஒரு கார் டியூபை மாலையாகப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்து வந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் இவ்வளவு பூரிப்பு இல்லை. இது நான் சொல்வதல்ல. அன்றைக்குப் பக்கத்தில் மாலையோடு நின்ற கிருபாபாயே சொன்னது.

“என்னங்க இது?”

“டியூப்.”

“அது தெரியுது. கார் எங்க?”

“கார் எதுக்கு ஏளா? டாக்சி ஓட்டுத வன்னியபெருமாள் கழிச்சுப் போட்டான். நடுவுல ஒரு பலகையைக் கட்டுனா தீந்துது சோலி. சனிக்கிழமை விடிஞ்சதும் ஏறி உக்காந்து கடல்ல மிதப்பேன். தூண்டில் போடுவேன். என் கையால விளைமீன் பிடிப்பேன்!”

சாருக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். செம்மணல் மேடான தேரியில் பிறந்து வளர்ந்த மனுஷன். தூத்துக்குடியில் இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்தும் கடலை முழங்காலுக்கு மேல் அறியமாட்டார். ஆனால் புது ஹார்பரில் பெரிய பெரிய கப்பலெல்லாம் வந்து நிற்க ஆரம்பித்ததிலிருந்து ஊருக்கே கடல் கிறுக்குப் பிடித்திருந்தது. சாருக்கு அது தலைக்கே ஏறிவிட்டது. இரும்புக் கப்பலே மிதக்கும்போது ஐம்பது கிலோகூடத் தேறாத ஒரு விஞ்ஞான ஆசிரியர் மிதக்கமாட்டாரா என்ன?

“ஒங்களுக்கு நீச்சல் தெரியாதுங்க.”

“டியூபுக்குத் தெரியும்லா! நீ டியூபை லேசா நெனைக்காத. காலையில எதை வச்சுப் பல்லு வெளக்குன?”

“உமிக்கரியை வச்சு. பேஸ்ட் டியூபைத்தான் நீங்க பிளேடால கீறி வழிச்சுட்டீங்களே.”

“சரி, ராத்திரி வெளிச்சம் எதுல வருது?”

“டியூப்லைட்லயா? அது கண்ணு முழிக்கதுக்குள்ள நான் சிம்னி விளக்கைப் பொருத்திச் சோறே வடிச்சிருவேன்.”

“பள்ளிக்கூடத்துல டெஸ்ட் டியூப் இல்லாம பாடம் நடக்குமா?”

“நம்ம வீட்டுல நடக்கு. ஒண்ணுல ஏலக்காய் கெடக்கு, இன்னொண்ணுல கிராம்பு கெடக்கு.”

“ரேடியோவுக்குள்ள டியூப், பம்புசெட்டுல டியூப், ஆஸ்பத்திரியில மூக்குல மாட்டுத டியூப்...”

“கடலுக்குப் போங்க. கடைசியாச் சொன்னது மொதல்ல வரும்.”

கிருபாபாய் முடிவாகச் சொல்லிவிட்டாள்: “என் தாலி மேல ஆணை. நீங்க அலையில காலை வச்சீங்கன்னா நானும் பின்னாலயே எறங்கிருவேன்.”

ஆனால் சாரின் ஆசை அடங்குகிற ஆசையா? டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடினார். ஒட்டுப் போட்டார். பலகையை இழைத்தார். போதாக்குறைக்கு ஆசிரியர் அறையில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். டிராயிங் மாஸ்டர் தனக்கு இரண்டு மீன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். இனிமேல் போகாமல் இருந்தால் மானம் கப்பல் ஏறிவிடும். வியாழக்கிழமை கிணற்றடியில் குளிக்கும்போது அவருக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. அடடா, எப்பேர்ப்பட்ட யோசனை!

வெள்ளிக்கிழமை தெரு ஜெபக்கூட்டம் அவர் வீட்டில்தான். சபை குரு எஸ்றா ஐயர் வருவார். யாராவது பிரயாணம் போவதாக இருந்தால் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகச் சொல்வது வழக்கம். ஐயர் அதற்காக ஜெபித்துவிட்டால் முடிந்தது. ஜெபம் பண்ணி அனுப்புகிற ஆளை வாசலில் மறிக்க எந்தப் பெண்பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? தடுத்தால் ஐயரை நம்பவில்லை, ஆண்டவரையும் நம்பவில்லை என்றல்லவா ஆகிவிடும்!

சார் அங்கேயே ஒத்திகை பார்த்தார். “ஐயரவாள், நாளைக்கு நான் போகும் கடல் பிரயாணத்துக்காக ஜெபிச்சுக்கிடுங்க!” கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை. கிருபாபாய் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளாகக் கேட்காமல் இருந்ததில் சாருக்குப் பரம சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு அருமைநாயகம் அண்ணாச்சி சுவரில் சாய்ந்து சோர்வாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஞானபாக்கியம் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பாவம், படுத்துப் படுத்தே முதுகெல்லாம் புண். பாட்டு முடிந்தது. எஸ்றா ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஜெபக்குறிப்பு உள்ளவங்க சொல்லலாம்” என்றார்.

சார் எழுந்து தொண்டையைச் செருமினார். செருமி முடிப்பதற்குள், “ஜெபிப்போம்” என்று கணீரென்று ஒரு குரல் கேட்டது.

கிருபாபாய்!

அத்தனை பேரும் கண்ணை மூடிவிட்டார்கள். ஒருவர் ஜெபிக்கத் தொடங்கிவிட்டால் ஆமென் வரும்வரை அடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போகவேண்டும். சார் நின்றபடியே கண்ணை மூடினார்.

“அன்பின் பரம பிதாவே, என் புருஷனுடைய இருதயத்தை ஏவினதற்காக உமக்கு ஸ்தோத்திரம். ஞானபாக்கியம் அக்காள் படுக்கையிலே படுகிற வேதனைக்கு மனமிரங்கி, அவர்கள் இடுப்புக்கு மெத்தென்று வைக்கும்படி ஒரு டியூபைத் தேடி, கழுத்திலே சுமந்து வந்தாரே, அதற்காக ஸ்தோத்திரம். செய்கிற நன்மையை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கடலுக்குப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி மறைத்தாரே, அந்தத் தாழ்மைக்காக ஸ்தோத்திரம்...”

சார் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். எதிரே எஸ்றா ஐயரும் ஒரு கண்ணைத் திறந்து அவரைத்தான் மெச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் சட்டென்று மூடிக்கொண்டார்.

“ஆமென்!” வீடே அதிர்ந்தது.

அருமைநாயகம் அண்ணாச்சி எழுந்து வந்து சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். “தம்பி, டாக்டர் சொன்ன காத்துத் தலையணையைத் திருநெவேலி வரைக்கும் தேடிட்டேன். கெடைக்கல. அவ நேத்து ராத்திரி பூரா முனங்குனா தம்பி.” சாருக்கும் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சிக்காகப் பாதி, விளைமீனுக்காகப் பாதி.

பெண்கள் காப்பி கொடுக்கும் சந்தடியில் சார் மனைவியிடம் பல்லைக் கடித்தார். “ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லுதியே ஏளா?”

“என்ன பொய்? நடந்ததுக்கு மட்டுமா ஸ்தோத்திரம் பண்ணணும்? நடக்கப்போறதுக்கும் விசுவாசத்தோட பண்ணலாம்.” காப்பித் தம்ளரை அவர் கையில் திணித்தாள். “இப்பம் ஏவியாச்சா, இல்லையா?”

ஏவித்தான் இருந்தது. அழுகிற மனுஷனிடம் போய், அது மீன் பிடிக்க வைத்திருந்தது என்று எந்த வாயால் சொல்வது?

எஸ்றா ஐயர் காப்பியை ஆற்றிக்கொண்டே கூப்பிட்டார். “சார், ஏதோ ஜெபக்குறிப்பு சொல்ல எந்திரிச்சீங்களே, என்ன அது?”

கூட்டம் முழுவதும் அவரையே பார்த்தது.

“ஒண்ணுமில்ல ஐயரவாள். அந்த டியூபுக்குக் காத்தடிக்க ஒரு நல்ல பம்பு கெடைக்கணும்னு...”

“அது மத்தியானமே எரவல் வாங்கி அக்கா கட்டிலுக்கு அடியில வச்சிட்டேன்” என்றாள் கிருபாபாய். “நீங்க போய் அடிச்சாப் போதும்.”