கம்பளி அண்ணன் மலையேறத் தயாரான கதை

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இதுவரை பிறந்து வளர்ந்தவர்களில், குளிருக்குப் பயந்த மனிதர் ஒரே ஒருவர்தான். எங்கள் பக்கத்து வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சித்திரை மாதம் பாலாற்று மணலில் காலை வைத்தால், அந்தக் கால் நம்முடையதாகத் திரும்பி வராது. அந்த மணலில், உச்சி வேளையில், பட்டாளத்துக் கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு ஒருவர் நிதானமாக நடந்து போவார். நாய்கள்கூட நிழலிலிருந்து எழுந்து வந்து குரைக்கச் சோம்பல்பட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஊர் அவரைக் 'கம்பளி' என்றது. ஒரே ஷாப்பில் வேலை செய்த நாங்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்துக் 'கம்பளி அண்ணன்' என்றோம். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வது. அங்கே அவருக்குத் தரம் பிரிக்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவி, இது முதல் தரம், இது மூணாவது, இந்த மாடு உயிரோடிருந்தபோது முள்வேலியில் உரசிக்கொண்டது என்று சொல்லிவிடுவார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதனால்தான் மற்ற கூத்தையெல்லாம் முதலாளி பொறுத்துக்கொண்டார்.

நான் கலவை என்கிற ஊரிலிருந்து கிளார்க்காக வந்து சேர்ந்தவன். தையற்காரர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் நான், மற்றொன்றில் அவர். ஊரில் பெரியவர்கள் எல்லாரும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்கள். அவர் மட்டும் 'கிளார்க்கு' என்பார். அவருக்குக் கல்யாணம் கிடையாது, சொந்தம் என்று யாரும் வந்து பார்த்ததில்லை.

நான் சேர்ந்த முதல் வாரமே ஷாப்பில் பெரிய கலவரம். கிணற்றடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு ஆள் அசையாமல் கிடக்கிறான் என்று கூச்சல். நான்கு பேர் குதித்து, தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தால், கம்பளி அண்ணன். உயிர் இருந்தது. அதோடு கோபமும் இருந்தது.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"மூச்சு அடக்கினு இருந்தேன், கிளார்க்கு. எண்பத்தி நாலு வரைக்கும் எண்ணிட்டேன். பாவிங்க கெடுத்துட்டானுங்க. இனிமே ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

தலையைத் துவட்டாமலே மறுபடி தொட்டிக்குள் இறங்கினார்.

இன்னொரு முறை மெட்ராஸிலிருந்து ரயிலில் ஐஸ்கட்டி வரவழைத்தார். மரத்தூளில் புதைத்து, கோணியில் சுற்றி, ஆள் உயரத்துக்குப் புறப்பட்ட ஐஸ் ஆம்பூருக்கு வந்து சேரும்போது தேங்காய் அளவுக்கு ஆகியிருந்தது. அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். பிறகு கால் மாற்றினார். உருகிய தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, தையற்காரர் தைத்து முடித்திருந்த மாப்பிள்ளைக் கோட்டில் சொட்டியது. "மேல இன்னாதான் செய்றீங்கோ?" என்று தையற்காரர் கத்தினார். "பனியில நிக்கறேன்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. தையற்காரர் அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

மூட்டை விவகாரம்தான் உச்சம். தினமும் சாயங்காலம் முதுகில் ஒரு மூட்டையோடு ஊருக்கு வெளியே இருக்கும் குன்றில் ஏறி இறங்குவார். ஷாப்பிலிருந்து தோல் திருடுகிறானோ என்று சந்தேகப்பட்டு ஒரு கான்ஸ்டபிள் வழிமறித்தார். அன்று நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன்.

"மூட்டையில இன்னாடா?"

"கல்லு சார்."

"எங்கேர்ந்து எடுத்துனு வர்றே?"

"மலை மேலருந்து."

"எதுக்கு?"

"நாளைக்கு மலை மேல எடுத்துனு போறதுக்கு."

கான்ஸ்டபிள் மூட்டையை அவிழ்த்தார். கல்தான். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எல்லாமே கல்தான். கொஞ்ச நேரம் குன்றைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கம்பளி அண்ணனைப் பார்த்தார். "நீ போப்பா" என்றார். அப்போது குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது. அன்றிலிருந்து கான்ஸ்டபிளின் ரோந்து வேறு பக்கமாகப் போயிற்று.

பனிமலை ஏறுவதற்கான இந்தப் பயிற்சிக்கு ஒரு வாத்தியாரும் உண்டு: அவல்தார் சாயபு. எல்லைப்புற மலைகளில் பட்டாளத்தோடு பல வருஷம் கிடந்து, பென்ஷன் வாங்கி வந்து, கடைத்தெருவில் ரஸ்க்கும் டீயும் விற்றுக்கொண்டிருந்தவர். தொட்டியில் முங்குவது, ஐஸில் நிற்பது எல்லாம் கம்பளி அண்ணனின் சொந்தக் கற்பனை. அவற்றைக் கேள்விப்பட்டு அவல்தார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அரே தோஸ்த், மலையில ஐஸ் தானா வரும், நீ இங்கே எதுக்கு பேஜார் பண்றே? கேளு. மெதுவா நட. ரெண்டு நாள் ஏறினா ஒரு நாள் உக்காரு. தண்ணி ஜாஸ்தி, சாப்பாடு கம்மி. தலைவலின்னா மேல போவாதே, கீழ எறங்கு. அப்புறம், ஏறும்போது பேசிக்கினே ஏறு. பேச்சு வந்தா நடை சரி. பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

கம்பளி அண்ணனுக்கு இதில் கடைசிப் பாடம்தான் சிக்கல். ஏறுவதற்கு மலை இருந்தது, பேசுவதற்கு ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஜோலார்பேட்டைக்கு ரயிலேறி, அங்கிருந்து ஏலகிரி மலைக்கு நடப்பார். ஒரு ஞாயிறு, வேடிக்கை பார்க்கலாம் என்று அவருக்குத் தெரியாமல் பின்னால் போனேன். திங்கட்கிழமை ஷாப்பில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைக்கும் என்பதுதான் என் எண்ணம். ஒற்றையடிப் பாதையில் முன்னால் அவர் குரல் கேட்டது. யாரோடோ உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"...அந்த சைக்கிள் ஞாபகம் இருக்குதாடா? நீதான் தள்ளிவுட்டே, அடி மட்டும் எனக்கு. போவுது போ. இப்ப முட்டி வலியெல்லாம் இல்ல. போன வாரத்துக்கு இந்த வாரம் மூச்சு தேவலை. நீ எப்படிடா இருக்கே? காலு எப்படி இருக்குது?"

கொஞ்சம் நிறுத்தினார். பதிலுக்குக் காத்திருப்பதுபோல. பிறகு மறுபடி நடந்தார்.

வளைவில் எட்டிப் பார்த்தேன். பாதையில் அவரைத் தவிர யாரும் இல்லை. என் காலடியில் ஒரு சருகு நொறுங்கியது. திரும்பினார். நான் மாட்டிக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாறையில் உட்கார இடம் காட்டினார்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. அம்மா அப்பா போனபிறகு இவர்தான் தூக்கி வளர்த்தார். பெரிய சண்டைக் காலத்தில், உலக யுத்தம் நடந்தபோது, தம்பி பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டப் போனான். சண்டை முடிந்தும் ஊருக்குத் திரும்பவில்லை. இமயமலையில், அல்மோராவுக்கும் அப்பால், ரயில் நிற்கிற இடத்திலிருந்து பத்து நாள் மேலே மேலே நடந்தால் வருகிற ஒரு கிராமத்தில், அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். ஒரு பனிக்காலத்தில் கால்விரல்கள் அழுகி விழுந்தன. அதன்பிறகு மலையிலிருந்து இறங்கவே முடியாது. வருஷத்துக்கு ஒரு கடிதம், பனி உருகியதும் வரும்.

"நான்தான் போய் பாக்கணும், கிளார்க்கு. ஆனா முதல் லெட்டர்லயே எழுதிட்டான். நம்ம மாதிரி கீழ் ஊர்க்காரன் ஒருத்தன் அவசரமா ஏறி வந்து மூணாம் நாளு மூச்சு முட்டி செத்துப் பூட்டானாம். 'உடம்பைத் தேத்திக்கினு வாண்ணா'ன்னு எழுதியிருந்தான். அதான் தேத்திக்கினு இருக்கேன்."

"எத்தினி வருசமா?"

"இது ஆறாவது வருசம்."

ஒரு வருஷம் முட்டி வலி. ஒரு வருஷம் மலைக்காய்ச்சல். ஒரு வருஷம் மூச்சடக்கும் எண்ணிக்கை நூறைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வருஷமும் உடம்பு இன்னும் கொஞ்சம் தேற வேண்டியிருந்தது.

இறங்கும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "வர்ற ஞாயித்துக்கிழமை நீயும் வர்றியா? பேசறதுக்கு ஒரு ஆள் இருந்தா நடை சரியா தப்பான்னு தெரிஞ்சிக்கலாம்."

பார்க்கலாம் அண்ணா என்றேன். போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம். மூன்றாவது ஞாயிறிலிருந்து அவர் என் கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை சொல்லலாம் என்றிருந்த கதையை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பனி உருகும் காலம் வந்தது, கடிதம் வரவில்லை. தபால்காரரைத் தெருமுனை வரைக்கும் போய்ச் சந்திப்பார். பிறகு அடுத்த தெருமுனை வரைக்கும். கடைசியில் தபாலாபீஸ் வாசலிலேயே நின்றார். ஒரு நாள் காலை ஆபீசுக்கு வந்து மூன்று மாதம் லீவு கேட்டார். முட்டியைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அவல்தார் சாயபு ஒரு பொட்டலம் ரஸ்க் கட்டிக் கொடுத்தார். நான் காட்பாடி வரை கூடப் போனேன். காட்பாடியில் ஏறி, மெட்ராஸ் போய், அங்கிருந்து எத்தனையோ ரயில் மாறி, மலையடிவாரத்துக் காட்கோதாமில் இறங்க வேண்டுமாம். பெயரைக் கேட்டால் காட்பாடிக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி இருந்தது. வண்டி நகர்ந்தபோது ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "மெதுவாத்தான் ஏறுவேன், பயப்படாதே" என்றார்.

ஆவணி முடியும்போது திரும்பி வந்தார். கறுத்து, பாதியாக இளைத்து, முகமெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் டீ வாங்கிவந்து கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு பேசினார்.

"பனிக்காலத்துலயே பூட்டானாம், கிளார்க்கு. நான் இங்க மூட்டை தூக்கினு இருந்தப்பவே."

காலி டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"அவன் பொண்டாட்டி இருந்தா. அவ பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவளுக்குப் புரியல. எல்லாம் சைகைதான். என் கோட்டைத் தொட்டுப் பாத்து சிரிச்சிட்டா. இத்தப் போட்டுக்கினா இங்க குளிர் அடங்குமான்னு உள்ள போயி இன்னொரு கோட்டு எடுத்தாந்து மேல போட்டுவுட்டா. சுவத்துல என் லெட்டருங்க எல்லாம் தம்பி வரிசையா ஒட்டி வெச்சிருந்தான். எல்லாத்துலயும் கடைசி வரி ஒண்ணுதான். 'வர்ற வருசம் வந்துடறேன்.' லெட்டர் வர்றப்பல்லாம் அத்தத் தமிழ்லயே படிச்சு அவகிட்ட சொல்வான் போல. நான் யாருன்னு சைகையில காட்டினேன். அந்தப் பொண்ணு மூஞ்சியெல்லாம் சிரிப்பாயி, 'ஓ, வர்ற வருசம்!'னா. எம் பேரே அதான்னு நெனச்சினு இருந்திருக்குது. அங்க இருந்த பதினோரு நாளும் அப்படித்தான் கூப்புட்டா. 'வர்ற வருசம், ரொட்டி.' 'வர்ற வருசம், தண்ணி.'"

அவர் சிரிக்க முயன்றார். நானும் முயன்றேன்.

கோட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மூச்சு முட்டவே இல்ல, கிளார்க்கு. தலைவலி இல்ல, வாந்தி இல்ல. கடைத்தெருவுக்குப் போற மாதிரி ஏறிட்டேன். இவ்ளோ சுளுவுன்னு தெரிஞ்சிருந்தா முதல் வருசமே போயிருப்பேனே. பாத்திருப்பேனே."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்: "தயார் பண்ணாம போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"செத்திருப்பீங்க" என்றேன்.

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். தயார் பண்ணதாலதான் சுளுவா இருந்துச்சு. முதல் வருசம் போயிருந்தீங்கன்னா பாதி வழியிலயே பூட்டிருப்பீங்க. தம்பியப் பாத்திருக்க மாட்டீங்க."

ஏலகிரியைத் தவிர வேறு மலையில் கால் வைத்திராத நான், அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். அவர், "அப்படியும் இருக்கும்" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் படுத்துத் தூங்கினார்.

அதற்குப் பிறகு பனிமலை ஏறி வந்தவர்கள் எத்தனையோ பேரையும், டாக்டர்களையும் நான் சந்தித்துவிட்டேன். நான் சொன்னது சரிதானா என்று ஒருவரிடமும் இன்றுவரை கேட்டதில்லை, கேட்பதாகவும் இல்லை.