'திருப்பிச் சொல்லுங்க' மேடம்

தில்லை நகர் பக்கம் வைத்தியத்துக்கு வந்தவர்களில் 'திருப்பிச் சொல்லுங்க' மேடத்திடம் தப்பித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆஸ்பத்திரி கேன்டீன் மாஸ்டரே, "சர்க்கரை இல்லாம, டிகாஷன் கம்மியா" என்று ஒப்பித்த பிறகுதான் டம்ளரைத் தொடலாம்.

நர்ஸாக இருந்தவர். டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் நடுவே எதுவும் விட்டுப்போகாமல் பார்ப்பது இப்போது அவர் வேலை. "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் தலையாட்டிவிடுவோமாம். திருப்பிச் சொல்ல வைத்தால்தான் வண்டவாளம் தெரியுமாம். சோதித்துப் பார்த்த வழி என்பார்.

எட்டாவதோடு நின்ற எனக்கு, ஒப்பிக்கச் சொன்னாலே வியர்க்கும். மேடத்திடம் போன அன்றைக்கோ ஏற்கெனவே பாதி உயிர்தான் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு வடைக்கடை. கொஞ்ச நாளாக என் வீட்டுக்காரருக்கு எழுந்து நின்றாலே தலை சுற்றல். எதிரே கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி!

"மேடம், மூளையில கட்டியா இருக்குமோ?"

"யாரு சொன்னா?"

"பக்கத்துப் பூக்கடைக்காரம்மா."

"அவங்க ஸ்கேன் எடுத்தாங்களா?"

என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார். நிற்க வைத்துப் பார்த்தார். நின்றதும் சரசரவென்று இறங்கியது.

"காலையில என்ன மாத்திரைங்கய்யா? சொல்லுங்க."

"மாடி டாக்டர் குடுத்த வெள்ளை. கீழ, சர்க்கரை டாக்டர் குடுத்த மஞ்சள்."

"எதுக்கு?"

"ரெண்டும் பிரஷருக்குத்தாங்க."

மேடம் மாத்திரை அட்டைகளைப் புரட்டினார். பெயர்தான் வேறு. உள்ளே ஒரே மருந்து.

உடனே இரண்டு டாக்டர்களையும் ஒரே போன் காலில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரே கட்டடம்தான், ஆனால் அவரவர் கூட்டம் அவரவருக்கு.

"மஞ்சளை நிறுத்திடலாம்மா, வெள்ளை போதும்," என்றார் மாடி டாக்டர்.

"திருப்பிச் சொல்லுங்க சார்."

"சொன்னதே நான்தானேம்மா!"

"உங்களை இல்ல சார், கீழ இருக்கிற சாரை."

கீழ் டாக்டர் ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே ஒரு காலையில் மேடம் பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார். வடை வேண்டாம், காபி வேண்டாம். என் வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்ததும் மேடம் அவர் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம், நல்லாயிருக்கேன்."

"நீங்க வடையைப் போடுங்கய்யா."

இவர் வடை தட்டிப் போட ஆரம்பித்தார். மேடத்தின் கை, தொடாமல், அவர் முதுகுக்குப் பின்னால் நீண்டே இருந்தது. முதல் ஈடு வெந்து வரும்வரை அது இறங்கவில்லை.