வானத்திலிருந்து நாலு வரி

வானத்திலிருந்து வரும் ஒரு குரல் மனித குலத்தின் விதியையே மாற்றிவிடும். பார்மா ஓபரா அரங்கில் அந்தக் குரலுக்கு மொத்தம் நாலு வரி. அதையும் துணி மேகத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்று பாட வேண்டும்.

எர்சிலியாவுக்கு அதுதான் முதல் வேடம். ஊரெல்லாம் கதாநாயகி மாதிரி பேசித் திரிந்தாள். நன்றாகப் பாடினால் அடுத்த வருஷம் பெரிய வேடம் என்று நிர்வாகி பெல்லெட்டி வாக்குக் கொடுத்திருந்தார்.

வினை அம்மா ரூபத்தில் வந்தது. அம்மா டொசோலினா தன் கறிக்கடையை மத்தியானமே மூடிவிட்டு, சொந்தபந்தம் அத்தனையையும் உச்சி கேலரிக்குக் கிளப்பிவிட்டாள்.

"உன்னை எந்தப் பக்கம்டி பாக்கணும்?"

"பாக்க வேண்டாம்மா, கேட்டாப் போதும்."

"மாடியில நீ கத்தினதைக் கேட்டுக் கேட்டு, கறி வாங்க வர்றவங்களே பாடிட்டுப் போறாங்க. இன்னும் என்னத்தைக் கேக்க? மூஞ்சியக் காட்டு! உங்க அத்தை வேற வர்றா."

அத்தைக்காக எர்சிலியா மேடைப் பணியாளன் ஜீனோவைப் பிடித்தாள். "மேகத்துல ஒரு ஓட்டை போடேன்."

"வானத்துல ஓட்டையா? பெல்லெட்டி என்னைத் தொலைச்சிடுவார்."

ஒரு புட்டி ஒயினுக்கு வானம் கிழிந்தது. ஓட்டை உயரத்தில் அமைந்துவிட்டது, ஸ்டூல் வந்தது. காட்சி நேரத்தில் ஏறித் தலையை நுழைத்தால், கதாநாயகி கணக்காக அவள் கேட்டு வாங்கிய கோபுர விக் இடித்தது. முட்டினாள். விக் மூக்குவரை இறங்கிச் சிக்கிக்கொண்டது.

"இழுடா!"

ஜீனோ இழுத்தான். ஸ்டூல் சாய்ந்தது. கம்பளி தைத்த மேகம் கழன்று அவள் தலையை நாலு சுற்று சுற்றிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து இசைக்குழு அவள் பாட வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது.

"பாடுங்க சின்யோரினா! ரெண்டு நொடி சத்தம் வரலைன்னா கேலரியில சீட்டி அடிச்சே கொன்னுடுவாங்க!" என்று பதறினான் ஜீனோ.

எர்சிலியா கம்பளிக்குள்ளேயே, உயிரைக் கொடுத்துப் பாடினாள். முடித்ததும் அரங்கமே அதிர்ந்தது. "பிராவா! பிராவா!" கேலரியில் காலால் தரையை உதைத்துக் கத்தினார்கள். அவள் கண்ணீர் கம்பளியை நனைத்தது.

மேகத்தைப் பிரித்து முடிப்பதற்குள் பெல்லெட்டி மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னா குரல்! நிஜமாவே மேல இருந்து இறங்கின மாதிரி! அடுத்த வருஷம் பெரிய வேடம், சத்தியம்!"

எர்சிலியா வாயில் ஒட்டியிருந்த கம்பளி நூலைத் துப்பிவிட்டு, ராணி மாதிரி தலை தாழ்த்தினாள். "எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

"நீங்கதாம்மா கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

"யார்கிட்ட?"

"உங்கம்மாகிட்ட. உங்க சத்தமே வரலைன்னு கேலரியில எந்திரிச்சுப் பாடினாங்களே... கடையை விட்டுட்டு ஒத்திகைக்கு வர முடியாதுங்கறாங்க."